கடன் வாங்காமல் தலைநகர் பார்ப்போம்

 

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்த சமயம், கட்டிங் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் நம் அலுவலகத்துக்கு வந்தார். மகனின் பத்தாம் வகுப்புக் கட்டணத்துக்கு உதவி கேட்டார். என்ன சிரமம் என்று விசாரித்தபோது விஷயம் மெல்ல வெளியே வந்தது. "பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மெட்ராஸ் போய்விட்டு வந்தார்கள். நாம் மட்டும் எங்கேயும் போவதில்லை" என்று பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். மனம் கேட்காமல் வார வட்டிக்கு 15,000 ரூபாய் வாங்கி, வேன் பேசி, குடும்பத்தோடு சென்னை போய் வந்திருக்கிறார். மூன்று நாள் பயணம். தவணையோ மாதக்கணக்கில் ஓடியது. சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வந்த அன்றே வசூல்காரர் வாசலில் நிற்பார். பள்ளிக்கூடக் கட்டணம் வட்டிக்குப் போய்விட்டது.

அவர் மீது நமக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகளை மகிழ்விக்க நினைத்த தகப்பனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அவர் போன வழி தவறு. போகாமல் இருப்பதும் அதற்குப் பதில் ஆகாது. வட்டியில்லாமல், வீண்செலவில்லாமல், பிள்ளைகளுக்குப் பயன் தரும் விதமாகத் தலைநகரைப் பார்த்துவர முடியுமா? முடியும். அதற்கான பாடம்தான் இது.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

பூமியில் பயணம் செய்து அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்கும்படி அல்குர்ஆன் (29:20) நம்மை ஏவுகிறது. ஆகவே பயணம் மார்க்கத்துக்கு அந்நியமான காரியமல்ல. அதே குர்ஆன் ரஹ்மானின் அடியார்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் செலவு செய்தால் விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், நடுநிலையில் இருப்பார்கள் என்ற கருத்தைத் தருகிறது (25:67). இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு மூன்று நிபந்தனைகள் கிடைக்கின்றன.

ஒன்று, கொடுக்க வேண்டிய கடனும் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் நிலுவையில் இருந்தால் அவற்றை முதலில் தீர்க்க வேண்டும். இரண்டு, பயணத்துக்காக வட்டிக்கு ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. மூன்று, போகும் இடத்தில் தொழுகை தவறக்கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லித் திட்டம் போடலாம்.

வாரம் 250 ரூபாய்

நம் ஊர் வாரச் சம்பள ஊர். மாதம் ஒரு பெரிய தொகையை எடுத்து வைப்பது நமக்குக் கடினம். வாரம் ஒரு சிறு தொகை எடுத்து வைப்பது எளிது. ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும்போது ஓர் உண்டியல் வையுங்கள். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் 250 ரூபாய் அதில் போடுங்கள். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை வரும்போது 30 வாரம் ஆகியிருக்கும். 7,500 ரூபாய் சேர்ந்திருக்கும்.

உண்டியலில் போடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஒரு நோட்டில் தேதியும் தொகையும் எழுதச் சொல்லுங்கள். அத்தாவும் அம்மாவும் பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் ஓவர்டைம் பார்த்துச் சம்பாதித்த பணம் எப்படிச் சிறுகச் சிறுகச் சேருகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

தாய், தகப்பன், 13 வயது, 9 வயது, 4 வயதுப் பிள்ளைகள் என ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாம் போட்ட உத்தேசக் கணக்கு இது:

ரயில், தூங்கும் வசதி, போக வர நான்கு பேருக்கு - 2,400
ஒரு நாள் அறை வாடகை - 1,500
இரண்டு நாள் சாப்பாடு - 1,800
உள்ளூர் பேருந்து, மின்சார ரயில், அவசரத்துக்கு ஆட்டோ - 600
நுழைவுக் கட்டணங்கள் - 500
கைச்செலவு, மருந்து, எதிர்பாராதது - 500
மொத்தம் - 7,300 ரூபாய்

கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் துணிக்கடைச் செலவு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊருக்கெல்லாம் பனியன் தைக்கும் திருப்பூரில் இருந்து போய் அங்கே துணி வாங்கி வர வேண்டிய அவசியம் என்ன?

ரயிலில் மிச்சம் பிடிக்கும் வழி

திருப்பூர் வழியாக இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸும் சேரன் எக்ஸ்பிரஸும் சென்னை சென்ட்ரலுக்குப் போகின்றன. இரவு ஏறினால் ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாக விடிகாலையில் சென்னை. தூக்கம் ரயிலிலேயே முடிந்துவிடுவதால் ஓர் இரவின் அறை வாடகை மிச்சம்.

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. முன்பு 120 நாட்களாக இருந்தது 2024 நவம்பர் முதல் மாற்றப்பட்டது. டிசம்பர் கடைசிப் பயணத்துக்கு அக்டோபர் கடைசியிலேயே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் தட்கலுக்கு ஓடினால் கணக்கு கெடும்.

பிள்ளைகளின் டிக்கெட் விதியைப் பலர் சரியாக அறிவதில்லை. 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயது வரை தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்று குறிப்பிட்டால் பாதிக் கட்டணம். இந்தப் பாதிக் கட்டணச் சலுகை உட்கார்ந்து போகும் வகுப்புகளில் கிடையாது. வயதைக் குறைத்துச் சொல்லி டிக்கெட் எடுக்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. பிள்ளையின் காதுபடவே "கேட்டால் நாலு வயசுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுப்பார்கள். 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் பொய்யைப் பாடமாகக் கற்பிக்கிறோம். இது ஹராமான மிச்சம். நமக்கு வேண்டாம்.

எந்தக் கிழமை போவது?

சனிக்கிழமை இரவு ஏறி, ஞாயிறும் திங்களும் அங்கே இருந்து, திங்கள் இரவு ஏறினால் செவ்வாய் காலை வீடு. கம்பெனியில் ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிழமை பார்க்காமல் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் உண்டு.

தங்குவதற்கு சென்ட்ரல் அருகே பெரியமேடு, எழும்பூர், அல்லது திருவல்லிக்கேணி வசதியானவை. பள்ளிவாசலும் ஹலால் உணவும் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். அறை எடுக்கும்போது "24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?" என்று முதலில் கேளுங்கள். காலை 7 மணிக்குப் போகிறவருக்கு 24 மணி நேரக் கணக்குதான் லாபம். மறுநாள் காலை அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளைப் பூட்டி சென்ட்ரல் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டால், இரவு ரயில் வரை கைவீசிச் சுற்றலாம். பெரியவர்கள் அனைவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். உறவினர் வீட்டில் தங்குவது உறவைச் சேர்க்கும் நல்ல காரியம்தான். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் ஐந்து பேராகப் போய் இறங்கி அவர்களைச் சிரமத்தில் ஆழ்த்துவது அழகல்ல.

முதல் நாள்: துணியால் பிறந்த நகரம்

சென்னையைப் பார்க்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டே அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், பருத்தித் துணி அங்கே மலிவாகக் கிடைத்ததுதான். அதையொட்டி எழுந்ததுதான் புனித ஜார்ஜ் கோட்டை. இன்று நம் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கின்றன. வண்ணாரப்பேட்டை, துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பேட்டை. சிந்தாதிரிப்பேட்டை 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி அமைக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள்.

நம் திருப்பூரில் 1925-ல் முதல் பனியன் தொழிற்கூடத்தைத் தொடங்கியவர் குலாம் காதர் என்ற முஸ்லிம் என்று தொழில் வரலாறு குறிக்கிறது. நெசவும் சலவையும் சாயமும் சேர்ந்து ஊர்களை உண்டாக்கியிருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் அறியட்டும். அத்தாவின் வேலை சின்ன வேலை என்ற எண்ணம் அவர்கள் மனதில் இருந்தால் அது மறையும்.

காலை 9.30-க்கு மேல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1851-ல் தொடங்கப்பட்டது. திமிங்கலத்தின் எலும்புக்கூடு, பழங்கால நாணயங்கள், ஆயுதங்கள், அமராவதியின் பளிங்குச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள் என்று அரை நாள் பார்க்கலாம். சிலைகள் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நாம் வழிபடப் போகவில்லை. முன்சென்ற மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியப் போகிறோம். அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

மதியம் திருவல்லிக்கேணி. அங்குள்ள வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-ல் ஆற்காடு நவாப் குடும்பத்தாரால் கட்டப்பட்டது. மரமோ இரும்போ இல்லாமல் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை எழுதியவர் ராஜா மக்கன் லால் கிரத் என்ற இந்து அறிஞர். ரமலானில் இங்கே நோன்பு திறக்க உணவு வழங்கும் பணியை மயிலாப்பூரின் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துச் சகோதரர்கள் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1972-ல் காலமானபின் அடக்கம் செய்யப்பட்டதும் இந்த வளாகத்தில்தான். பெண்கள் தொழ இடவசதி எங்கே என்று எந்தப் பள்ளியிலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

அசருக்குப் பின் மெரினாவுக்கு நடந்தே போகலாம். வழியில் சேப்பாக்கம் அரண்மனையை வெளியே இருந்து காட்டுங்கள். 1768-ல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. இங்கே கொஞ்சம் நின்று பெரிய பிள்ளைகளிடம் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

இந்த நவாப் போருக்கும் ஆடம்பரத்துக்கும் கம்பெனிக்காரர்களிடம் தனிப்பட்ட முறையில் கடுமையான வட்டிக்குக் கடன் வாங்கினார். இந்த அரண்மனையைக் கட்டியவர் என்று சொல்லப்படும் பால் பென்ஃபீல்டே அவருக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களில் ஒருவர். கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருமானம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்தச் சுமை உழவர்கள் தலையில் விழுந்தது. 1785-ல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் 'ஆற்காடு நவாபின் கடன்கள்' பற்றியே ஒரு நீண்ட உரை நிகழ்த்தும் அளவுக்கு அது பெரிய விவகாரமானது. 1801-ல் கர்நாடகத்தின் ஆட்சியையே கம்பெனி எடுத்துக்கொண்டது. பட்டம் மட்டும் மிஞ்சியது. 1855-ல் வாரிசின்றி நவாப் இறந்ததும் அரண்மனையும் கைமாறியது.

வட்டி ஓர் அரசையே தின்றுவிட்டது. வாரச் சம்பளத்தை விட்டுவைக்குமா? அந்தச் சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று சொல்லும்போது, பிள்ளைகள் இந்தப் பாடத்தை மறக்கமாட்டார்கள்.

மெரினாவில் மணலில் விளையாடட்டும். கடலில் இறங்கிக் குளிக்க அனுமதிக்கவே கூடாது. கால் நனைப்பதாக இருந்தாலும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். அங்கே நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். ஆண்டுதோறும் வெளியூர்ப் பிள்ளைகள் உயிரிழக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: எதிர்காலத்தைப் பார்க்கும் நாள்

திங்கள் காலை கோட்டூர்புரம். 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளங்கள் கொண்டது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நாலு வயதுக் குழந்தை முதல் பிளஸ் டூ மாணவர் வரை எல்லாருக்கும் அங்கே ஏதாவது கிடைக்கும். அங்கிருந்து பக்கத்திலேயே பிர்லா கோளரங்கமும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும். இருட்டில் தலைக்கு மேல் நட்சத்திரங்கள் சுழல்வதைப் பார்க்கும் பிள்ளை, வானங்களின் படைப்பைச் சிந்திக்கச் சொல்லும் வசனங்களை அடுத்த முறை ஓதும்போது வேறு விதமாக ஓதும். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போங்கள். நேரம் மிஞ்சினால் கிண்டி சிறுவர் பூங்கா அருகில்தான்.

பேருந்தில் சென்னை வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் வண்டலூர் உயிரியல் பூங்கா மிக அருகில். ஆனால் அது 602 ஹெக்டேர் பரப்புள்ளது. ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சிறு குழந்தைகளோடு நூலகம், பூங்கா இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சில கல்லூரிகளின் வாசலையாவது காட்டுங்கள். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தால் 1951-ல் தொடங்கப்பட்ட ராயப்பேட்டை புதுக்கல்லூரி, நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955-ல் உருவான பெண்கள் கல்லூரி. நம் பகுதியில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் "கைமடியாகச் சேர்ந்தால் வாரச் சம்பளம் வருமே" என்று கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். கல்லூரி என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்திராத பிள்ளைக்கு அதன் மீது ஆசை எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. இவற்றை அந்த வாசலில் நின்றபடி சொல்லுங்கள்.

பேருந்தும் சாப்பாடும்

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் நம் ஊரைப் போலவே பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கோட்டூர்புரம் எல்லாம் ஒரே தடத்தில் உள்ள நிலையங்கள். கட்டணம் மிகக் குறைவு. மெட்ரோ ரயிலில் பிள்ளைகளின் ஆசைக்கு ஒருமுறை ஏறினால் போதும். ஆட்டோவை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே சப்பாத்தியும் புளிச்சோறும் கட்டிக்கொள்ளுங்கள். காலையில் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். மதியம் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சைவம் என்பதால் ஹலால் பற்றிய கவலையும் இல்லை. இப்படி மிச்சம் பிடித்தால் ஒரு வேளை பிள்ளைகளுக்குப் பிடித்த பிரியாணி வாங்கித் தரலாம். அண்ணா சாலையில் 1951 முதல் இருக்கும் புஹாரி ஓட்டலில்தான் சிக்கன் 65 பிறந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு குஷி.

பயணத்தில் தொழுகை

திருப்பூரிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கும் அதிகம். எனவே ஊர் எல்லையைத் தாண்டியதும் நாம் முசாஃபிர். லுஹர், அசர், இஷா ஆகிய நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறோம். ஃபஜ்ருக்கும் மஃரிபுக்கும் சுருக்கம் இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் முழுமையாகத் தொழ வேண்டும். லுஹரையும் அசரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். ஐயம் இருந்தால் கிளம்பும் முன் உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இரவு ரயிலில் ஃபஜ்ர் நேரம் பெரும்பாலும் வண்டியிலேயே வந்துவிடும். "இறங்கித் தொழலாம்" என்று விட்டால் சூரியன் உதித்துவிடும். அலாரம் வைத்து எழுந்து, ஒளுச் செய்து, ரயிலிலேயே தொழுதுவிடுங்கள். அத்தா ஓடும் ரயிலில் தொழுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தஃலீம் வேறில்லை.

பாதுகாப்பு

ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் பெயரும் இரண்டு கைபேசி எண்களும் எழுதிய சீட்டு இருக்கட்டும். கூட்டத்தில் தவறிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிக் கொடுங்கள். ரயில் உதவிக்கு 139, அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களைப் பெரிய பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். பணத்தை ஒரே இடத்தில் வைக்காமல் கணவனும் மனைவியும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பின் பிள்ளைகளிடம் கேட்க

1. சென்னை நகரம் எதை வாங்குவதற்காக உருவானது? நம் ஊருக்கும் அதற்கும் என்ன ஒற்றுமை?
2. வாலாஜா பள்ளிவாசலுக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் செய்த, செய்யும் நற்பணிகள் எவை?
3. நவாபின் அரண்மனை ஏன் கைவிட்டுப் போனது?
4. பார்த்த கல்லூரிகளில் எதில் சேர ஆசை? அதற்கு இப்போது என்ன படிக்க வேண்டும்?
5. உண்டியல் நோட்டின்படி எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது, மீதி எவ்வளவு?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மீதி 50 ரூபாயாக இருந்தாலும் அதைப் பிள்ளைகள் கையாலேயே ஓர் ஏழைக்கு ஸதகாவாகக் கொடுக்க வையுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரரின் வட்டிக் கடன் இப்போது அடைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மகன் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் பிளஸ் ஒன் படிக்கிறான். இந்த ஜூனில் அவர்கள் வீட்டிலும் ஓர் உண்டியல் வைத்திருக்கிறார்கள். நோட்டில் கணக்கு எழுதுவது அந்த மகன்தான்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானதாகவும் பயனுள்ளதாகவும் ஆக்குவானாக! வட்டியின் தீங்கிலிருந்து நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன்.